சுவரில் ஒட்டிய இன்சுலின்

1951ஆம் ஆண்டு கோடையில் லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், 'பிரிட்டன் விழா' நடந்தது. போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் தீராத காலம். விழாத் திடலில் ரெகாட்டா என்றோர் உணவகம் இருந்தது. உள்ளே போனவர்கள் திரைச்சீலை, தரைவிரிப்பு, பீங்கான் என்று எங்கு திரும்பினாலும் விசித்திரமான வட்டங்களையும் நெளிகோடுகளையும் பார்த்தார்கள். பூ இல்லை, கொடி இல்லை, பறவை இல்லை. படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் வரைந்த ஆய்வுப் படங்கள்தான் அங்கே அலங்காரமாகியிருந்தன. அந்த ஆண்டு போரிக் அமிலம் துணியில் ஏறியது. சிமென்ட்டுக்கு உறவுக்காரனான ஆஃப்விலைட் கனிமமும் அப்படியே. ரத்தத்தின் ஹீமோகுளோபின் நெசவாயிற்று. இன்சுலின் சுவர்த்தாளாயிற்று.

இதை ஏற்பாடு செய்தது ஓர் அரசு அமைப்பு. அதன் பெயர் தொழில்துறை வடிவமைப்புக் கவுன்சில். நாற்காலி, கெட்டில், சுவர்த்தாள் ஆகியவை அழகாகவும் உபயோகமாகவும் இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு நாடு தனியே ஓர் அலுவலகம் வைத்து, இயக்குநரையும் அதிகாரிகளையும் போட்டுச் சம்பளம் கொடுத்திருக்கிறது. எனக்கு இன்சுலின் சுவர்த்தாளைவிட இது பெரிய வியப்பு. ஆனாலும் முதலில் சுவர்த்தாளைப் பார்த்துவிடலாம்.

படிகத்துக்குள் அணுக்களின் ஓர் அமைப்பு அச்சுப் பிசகாமல் மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வருகிறது. அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் பங்குகளில் ஒன்றோ இரண்டோதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. எனவே சாதாரண நுண்ணோக்கியில் அணுவைப் பார்க்க வழியே இல்லை. எக்ஸ் கதிரின் அலைநீளமோ கிட்டத்தட்ட அந்த இடைவெளியின் அளவே. படிகத்தில் பட்டுச் சிதறும்போது சில திசைகளில் அலைகள் ஒன்றுக்கொன்று வலுவூட்டும், மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படச்சுருளில் ஒழுங்கான புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடும் வழியை 1912–13இல் லாரன்ஸ் பிராக்கும் அவர் தந்தை வில்லியம் பிராக்கும் உருவாக்கினார்கள். 1915இல் இருவரும் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

ஒரு சிக்கல் இருந்தது. புள்ளி எவ்வளவு கருமையாக இருக்கிறது என்று அளக்கலாம். அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது, முகடாகவா பள்ளமாகவா என்பது படச்சுருளில் பதிவாகாது. சிறிய மூலக்கூறு என்றால் ஊகித்துச் சமாளிக்கலாம். இன்சுலின், ஹீமோகுளோபின் போன்ற புரதங்களில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அணுக்கள். 1934இல் பேட்டர்சன் என்பவர் ஒரு குறுக்குவழி சொன்னார்: கட்டம் தெரியாவிட்டாலும், அணு ஜோடிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் திசையையும் மட்டும் காட்டும் படம் ஒன்றை வரையலாம். ஊர்ப் பெயர் எதுவும் இல்லாமல் 'இங்கிருந்து வடக்கே எட்டு மைல், அங்கிருந்து கிழக்கே மூன்று மைல்' என்று மட்டும் எழுதிய பட்டியல் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. இன்சுலின் சுவர்த்தாளுக்கு மூலமாக இருந்தது இத்தகைய படம். டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை முதலில் எக்ஸ் கதிரில் படமெடுத்தது 1930களின் நடுவில். அதன் முழு உருவத்தை அவரது குழு கண்டறிந்தது 1969இல். ஆக, 1951இல் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியபோது, இன்சுலின் உண்மையில் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. விடை தெரியாத கணக்கின் பாதி வழிதான் அலங்காரமாகத் தொங்கியது.

படிகத்தின் வெட்டுமுகம் சுவர்த்தாளுக்குப் பொருந்தியது தற்செயலல்ல. ஒரு சமதளத்தில் ஒரே உரு இரு திசைகளிலும் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றால், நகர்த்துவது, சுழற்றுவது, கண்ணாடிப் பிம்பமாக்குவது ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் 17 விதமான சமச்சீர்தான் சாத்தியம். ரஷ்யப் படிகவியலாளர் ஃபியோதரவ் 1891இல் இதை நிறுவினார். சமதளத்தில் துணி அச்சிடுபவரும் இயற்கையும் ஒரே 17 விதிகளுக்குள்தான் வேலை செய்தாக வேண்டும்.

கேம்பிரிட்ஜின் படிகவியலாளர் ஹெலன் மெகாவுக்கு இது முன்பே உறைத்திருந்தது. தன் வரைபடங்கள் துணியாகவும் தாளாகவும் ஆகலாமே என்று 1946லேயே வடிவமைப்பாளர்களுக்கு எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. 1949இல் வடிவமைப்பாளர்களின் கூட்டமொன்றில் இன்னொரு படிகவியலாளரான கேத்லீன் லான்ஸ்டேல் பேசினார். கவுன்சிலின் அதிகாரி மார்க் ஹார்ட்லண்ட் தாமஸ் அதைக் கேட்டு, விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். மெகா அறிவியல் ஆலோசகரானார். 28 நிறுவனங்கள் சேர்ந்தன. கழுத்துப் பட்டி, லேஸ், தட்டு, கண்ணாடி, மேசை மேற்பலகை என்று படிகங்கள் வீட்டுச் சாமான்களில் இறங்கின.

விழா முடிந்தது, படிக வடிவங்களின் மவுசும் குறைந்தது. பெரிய வியாபாரம் ஆகவில்லை. இந்தத் தோல்விக்கு ஒரு நூறாண்டு முன்கதை உண்டு.

1830களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு கவலை. நீராவி இயந்திரம் நம்முடையது, ஆலை நம்முடையது, ஆனால் பட்டும் அச்சுத்துணியும் வாங்குபவர்கள் பிரெஞ்சுக்காரன் வடிவத்தைத்தானே கேட்கிறார்கள்? ஒரு குழு விசாரித்தது. 1837இல் லண்டன் சாமர்செட் ஹவுஸில் அரசு வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. அதே அலை சீக்கிரமே கடல் தாண்டியது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்க, 1852இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான்.

லண்டனில் இந்த இயக்கத்தின் மையப்புள்ளி ஹென்றி கோல். குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர், தபால் சீர்திருத்தத்தில் உழைத்தவர், முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிடவைத்தவர், புனைபெயரில் தேநீர்க் கோப்பை வடிவமைத்துப் பரிசும் வாங்கியவர். 1851இல் ஹைட் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் மாபெரும் பொருட்காட்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர். 60 லட்சம் பேர் வந்தார்கள். கோலும் அவர் நண்பர்களும் தங்கள் நாட்டுப் பொருள்களைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். இயந்திரம் மலிவாக்கிவிட்டதால் எதிலும் இலையும் கொடியும் சிங்கமும் அப்பிக் கிடந்தன. பக்கத்திலேயே இந்திய நெசவு அமைதியாக, தட்டையாக, அளவாக இருந்தது. பொருட்காட்சியிலிருந்து மாதிரிகள் வாங்க அரசு 5,000 பவுண்டு ஒதுக்கியபோது கணிசமான பங்கு இந்தியப் பொருள்களுக்கே போயிற்று.

அந்த மாதிரிகளை வைத்து 1852இல் மார்ல்பரோ ஹவுஸில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார் கோல். பிற்கால விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தின் விதை அது. நல்லவற்றைக் காட்டினால் மட்டும் போதாது, கெட்டவற்றையும் காட்டினால்தான் மக்கள் திருந்துவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஓர் அறையில் 'தவறான கொள்கைகள்' என்ற தலைப்பில் கடையில் விற்றுக்கொண்டிருந்த பொருள்களையே வைத்தார். கண்ணாடி மாளிகையின் படம் மறுபடி மறுபடி வரும் சுவர்த்தாள். மலருக்குள்ளிருந்து நெருப்பு எரியும் கேஸ் விளக்கு. புடைத்த பூக்களோடு தரைவிரிப்பு. தரை தட்டையாக இருப்பது, அதனால் தரைவிரிப்பின் வடிவமும் தட்டையாக இருக்கவேண்டும் என்பது கோல் குழுவின் சட்டம். அந்த அறைக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பயங்கரக் கூடம்'. உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள், அறை சீக்கிரமே மூடப்பட்டது.

சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் அந்த டிசம்பரிலேயே ஒரு கேலிக்கதை வந்தது. கிரம்பெட் என்ற அப்பாவி மனிதர் இந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். தன் கால்சட்டைத் துணி முதல் சுவர்த்தாள் வரை எல்லாமே பயங்கரம் என்று தெரிந்து நிம்மதி இழக்கிறார். ஒரு வீட்டில் தேநீரைக் குடித்து முடித்தால் கோப்பையின் அடியில் வண்ணத்துப்பூச்சிப் படம், அலறிவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து டிக்கன்ஸே 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் தரைவிரிப்புப் பூவைப் பற்றி ஒரு சிறுமியை மிரட்டும் அதிகாரியைப் படைத்தார். கோல் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தன் வீட்டில் என்ன இருக்கவேண்டும் என்று அரசு அதிகாரி சொல்லிக்கொடுத்தால் எந்த ஊர்க்காரனுக்கும் சுருக்கென்று தைக்கும். (படிகச் சுவர்த்தாளை கோல் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தட்டையான வடிவம், ஒழுங்கான திரும்பல், ஆழம் இருப்பதுபோல் பாசாங்கு இல்லை. ஜனங்கள்தான் அவர் பாடத்தையும் படிகத்தையும் ஒரே மாதிரி வரவேற்றார்கள்.)

அடுத்த அமைப்பு முதல் உலகப் போரின் நடுவே பிறந்தது. 1914இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அந்நாட்டு வடிவமைப்பாளர் சங்கத்தின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த ஆங்கிலேயர்கள் சிலர், அதே ஜெர்மனியோடு சண்டை நடந்துகொண்டிருந்த 1915இல், 'வடிவமைப்பு மற்றும் தொழில்கள் சங்கம்' தொடங்கினார்கள். மரச்சாமான் கடைக்காரர், கூடை நாற்காலி செய்பவர், கட்டடக்கலை ஆசிரியர் எனக் கலவையான கூட்டம். பொருள் எதற்காகவோ அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்பது அவர்கள் முழக்கம். துண்டறிக்கையும் சொற்பொழிவுமாக அவர்கள் செய்ததையெல்லாம் அடுக்கினால் அலுப்புத் தட்டும். உறுப்பினர்களில் ஒருவர் மட்டும் வேறு ரகம். அவர் லண்டன் பாதாள ரயிலின் நிர்வாகி ஃபிராங்க் பிக்.

பிக் யாருக்கும் ரசனையைப் பற்றிப் பாடம் எடுக்கவேண்டிய நிலையில் இல்லை. அவரிடம் ரயில் இருந்தது. நிலையப் பெயரும் விளம்பரமும் ஒன்றில் ஒன்று கலந்து பயணி குழம்புவதைப் பார்த்து, எழுத்துக் கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டனைப் பிடித்தார். 1916இல் ஜான்ஸ்டன் கொடுத்த எழுத்துரு, சிறிய திருத்தங்களோடு இன்றும் அங்கே இருக்கிறது. சின்ன 'ஐ'யின் தலையிலுள்ள புள்ளி வட்டமாக இல்லாமல் சாய்சதுரமாக இருக்கும், அதுதான் அடையாளம். 1933இல் ஹாரி பெக்கின் பாதாள ரயில் வரைபடம் வந்தது. தூரத்தைப் பொருட்படுத்தாமல் கோடுகளை நேராகவும் சாய்வாகவும் மட்டுமே போட்ட படம் அது. 1937 வாக்கில் இருக்கைத் துணிக்கு எனிட் மார்க்ஸ் போன்றோரிடம் வடிவம் கேட்டார்கள். அழுக்கும் தேய்மானமும் தெரியக்கூடாது, ஓடும் வண்டியில் கண்ணும் கூசக்கூடாது. லட்சக்கணக்கானோர் தினமும் அந்தத் துணியில் உட்கார்ந்தார்கள். யாரும் தேர்ந்தெடுத்து உட்காரவில்லை, வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

தேர்ந்தெடுக்காமலே ஒரு வடிவத்தோடு மக்கள் வாழ்வார்கள் என்பதை இரண்டாம் உலகப் போர் இன்னும் தெளிவாகக் காட்டியது. மரத்தட்டுப்பாடு. குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்கும் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் மட்டும் கூப்பனில் மரச்சாமான். 1943 முதல் அரசு அங்கீகரித்த சில வடிவங்களைத் தவிர வேறு எதையும் செய்யவே கூடாது. கோர்டன் ரஸ்ஸல் இந்த வேலையில் முன்னின்றவர். இணைப்புகள் உறுதியாக இருக்கவேண்டும், செதுக்கல் வேலை வேண்டாம். எனிட் மார்க்ஸ் இதற்கும் துணி வடிவமைத்தார். அவருக்குக் கொடுத்தது நான்கே நிறங்கள்: துரு, பச்சை, நீலம், நூலின் இயல்பு நிறம். வடிவம் பெரிதாக இருந்தால் சோபாவுக்கு வெட்டும்போது பொருத்துவதற்காகத் துணி வீணாகும், ஆகவே வடிவம் குட்டியாகத் திரும்பவேண்டும். பற்றாக்குறையே இங்கே வடிவமைப்பாளராக இருந்தது. ஒரு தலைமுறை இதில் குடித்தனம் நடத்தியது. கட்டுப்பாடு போனதும் பலர் வளைவும் பளபளப்பும் தேடி ஓடினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

1944 டிசம்பரில், போர் முடியும் முன்பே, வர்த்தக வாரியத்தின் தலைவர் ஹியூ டால்டன் தொழில்துறை வடிவமைப்புக் கவுன்சிலை அமைத்தார். நோக்கம் ஏற்றுமதி. 1946 செப்டம்பரில் 'பிரிட்டனால் செய்ய முடியும்' என்ற கண்காட்சி. போருக்காகப் பொருள்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காலியாகக் கிடந்த விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தில்தான் நடந்தது. 14 லட்சத்துக்கு மேல் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதில் ஒரு பகுதி எனக்குப் பிடித்தது: மிஷா பிளாக் குழு அமைத்த, முட்டைக் கிண்ணத்தின் பிறப்பைச் சொல்லும் காட்சி. வாசலில் ஒரு ராட்சத முட்டை. கிண்ணத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது யார்? கோழியா, மரமா பிளாஸ்டிக்கா என்ற பொருளா, அச்சு இயந்திரமா, சாப்பிடுபவனின் கரண்டியா? எல்லாருடைய வாதத்தையும் கேட்டுச் சமரசம் செய்பவர்தான் வடிவமைப்பாளர் என்று, ஒரு வார்த்தை உபதேசமில்லாமல் அங்கே காட்டினார்கள். ஆனால் கண்காட்சியில் இருந்த பல பொருள்கள் கடையில் இல்லை, ஏற்றுமதிக்குப் போயின. 'பிரிட்டனுக்குக் கிடைக்காது' என்று பத்திரிகைகள் பெயரைத் திருப்பிப் போட்டன.

ரஸ்ஸல் 1947இல் கவுன்சிலின் இயக்குநரானார். 1949இல் 'டிசைன்' என்ற மாத இதழ். பிறகு படிகங்கள். 1956 ஏப்ரலில் ஹேமார்க்கெட் தெருவில் 'டிசைன் சென்டர்' என்ற நிரந்தரக் காட்சிக்கூடம். தேர்வான பொருளுக்குக் கறுப்பு-வெள்ளை முக்கோண அட்டை, அடுத்த ஆண்டிலிருந்து விருது, பிறகு எடின்பரோ கோமகன் பெயரில் பரிசு. அட்டையால் விற்பனை கூடியது உண்டு. கேலியும் கூடவே வந்தது. 1960களில் இளைஞர்கள் ஊதிப் பெரிதாக்கும் நாற்காலியும் காகித உடையும் வாங்க ஆரம்பித்தபோது, நிரந்தரமான நல்ல வடிவம் என்ற எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அப்போதைய இயக்குநர் பால் ரெய்லியே எழுதினார்.

விருது பெற்றவற்றில் உலகம் முழுதும் பரவியது ராபின் டேயின் பாலிபுரொப்பிலீன் நாற்காலி, 1963. பாலிபுரொப்பிலீன் அப்போது பத்து வயதுகூட ஆகாத பிளாஸ்டிக். உருக்கி அழுத்தத்தோடு அச்சில் செலுத்தினால் ஒன்றரை நிமிடத்தில் முதுகும் இருக்கையும் சேர்ந்த ஓடு ஒன்று வெளியே வரும். ஓரம் மடிந்திருப்பதால் மெல்லிய ஓடு எடையைத் தாங்கும். முதுகு கொஞ்சம் வளைந்துகொடுக்கும், ஆனால் உடையாது. ஒரே அச்சிலிருந்து வாரத்துக்கு 4,000. இது பிரபலமானது டிசைன் சென்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் அல்ல. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மொத்தமாக வாங்கின. பிரிட்டனில் படித்த எவரும் ஒருமுறையாவது அதில் உட்கார்ந்திருப்பார், அதற்கு ஒரு பெயர் உண்டென்று தெரியாமலே.

கவுன்சிலின் தலைவராக இருந்து விலகிய சர் வால்டர் வர்பாய்ஸின் தலைமையில் 1961இல் ஒரு குழுவை அமைத்து அரசு ஒரு வேலை கொடுத்தது: நாட்டின் சாலைக் குறிகள் அத்தனையையும் மாற்றவேண்டும். அதற்கு முன்பே மோட்டார்வே பலகைகளில் வேலை செய்துகொண்டிருந்த ஜாக் கின்னீரும் அவருடைய முன்னாள் மாணவி மார்கரெட் கால்வர்ட்டும் வடிவமைத்தார்கள். அதுவரை பலகையின் அளவை முதலில் தீர்மானித்து, எழுத்தை அதற்குள் நுழைப்பார்கள். கின்னீர் தலைகீழாக்கினார். இந்த வேகத்தில் வருபவர் இத்தனை தூரத்தில் படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? அது தெரிந்தபின் பலகை தானாக வளரட்டும். ஒவ்வொரு எழுத்தும் தனக்குரிய இடைவெளியோடு ஓர் ஓடு போன்ற கட்டத்துக்குள் அமைந்தது. கட்டங்களை ஒட்டினால் போதும், எந்த ஊர் ஊழியர் செய்தாலும் இடைவெளி தப்பாது.

எதிர்ப்பும் வந்தது. கல்லெழுத்துக் கலைஞர் டேவிட் கிண்டர்ஸ்லி, முழுவதும் பெரிய எழுத்தில், நுனிக்கோடுகளோடு ஒரு மாற்று கொண்டுவந்தார். பென்சன் விமானத்தளத்தில் சோதனை வைத்தார்கள். மேடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, கூரையில் பெயர்ப்பலகையைச் சுமந்த கார் அவர்களை நோக்கி ஓடிவரும், எந்த இடத்தில் படிக்க முடிகிறது என்று குறிப்பார்கள். முடிவில் கிண்டர்ஸ்லியின் எழுத்துத்தான் சற்றே முந்தியது. வித்தியாசம் அற்பமானது என்று குழு கின்னீர் பக்கம் நின்றது. அறிவியல் சோதனை வைத்துவிட்டு ரசனையால் தீர்ப்புச் சொன்ன கதை இது. கிண்டர்ஸ்லி கோபப்பட்டதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

படங்களில் கால்வர்ட் தன் வாழ்க்கையையே வைத்தார். பள்ளிக் குழந்தைகள் சாலை கடக்கும் பழைய குறியில் தொப்பி போட்ட பையன் முன்னே போவான், சிறுமி பின்னால். கால்வர்ட் தன் சிறுவயதுப் புகைப்படத்தை வைத்து, சிறுமி சின்னப் பையனைக் கைப்பிடித்து அழைத்துப்போவதாக மாற்றினார். பண்ணைக் குறியில் நிற்கும் மாடு உறவினர் பண்ணையிலிருந்த பேஷன்ஸ் என்ற பசு. 1965 ஜனவரி 1 முதல் எல்லாம் சட்டமாயின.

கவுன்சிலின் பிற்காலம் சுருக்கமானது. 1972இல் பொறியியலையும் சேர்த்துக்கொண்டு 'டிசைன் கவுன்சில்' ஆயிற்று. 1990களில் ஆட்களைக் குறைத்து, ஹேமார்க்கெட் கூடத்தை மூடியது. 2011இல் அரசிடமிருந்து பிரிந்து அறக்கட்டளையாகிவிட்டது. முக்கோண அட்டையை இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். கால்வர்ட்டின் எழுத்தோ இன்னும் வேலையில் இருக்கிறது. 2012இல் பிரிட்டிஷ் அரசின் எல்லாத் துறைகளுக்கும் ஒரே இணையதளம் வந்தபோது, சாலைப் பலகை எழுத்தையே அவரும் ஹென்ரிக் குபெல் என்ற எழுத்துரு வடிவமைப்பாளரும் திரைக்குத் தகுந்தாற்போல் திருத்திக்கொடுத்தார்கள். வரி கட்டவும் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் வருபவர்கள் படிக்கும் எழுத்து அது. 2013இல் லண்டன் டிசைன் மியூசியம் அந்தத் தளத்துக்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. படமில்லை, மினுமினுப்பில்லை. ஒரு நாளிதழ் 'போரிங் டாட் காம்' என்று பட்டம் சூட்டியது. ஃபிராங்க் பிக் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.